எட்டு மாதக் காலைகளின் முதல் கோடு

முப்பத்து நான்கு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. ஆனால் எங்கள் பழைய ஆய்வகத்தில் இப்போது படிக்கும் பிள்ளைகள் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள். போன வாரம் சுகன்யா என்ற மாணவி போன் செய்தாள்.

"அண்ணே, பிளாஸ்மா வேலைய விட்டுட்டுப் போன ஆளுன்னு எங்களுக்குத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். எங்களப் பொறுத்தவரை நீங்க ரிட்டயர்டு. மேடத்துக்கு மலர் போடுறோம், ஒரு அனுபவக் கட்டுரை குடுங்க. கையால வோல்டேஜ் ஏத்துன கதையெல்லாம் எழுதுங்கண்ணே, சிரிப்பா இருக்கும்."

ஜெசிந்தா மேடம் வருகிற மாதம் பணி ஓய்வு பெறுகிறார். ஆய்வகத்துக்குப் புதிய கருவி ஒன்றும் வந்திருக்கிறதாம். பொத்தானை அமுக்கினால் தானே சுத்தம் செய்து, தானே அளந்து, விடையையும் திரையில் காட்டிவிடுமாம். இரண்டுக்கும் சேர்த்து விழா.

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதற்கும் உடனே சரி என்று சொல்லித்தான் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றியும் இதில் வரும்.

நான் விளாங்குடிக்காரன். அப்பா அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். வீட்டில் புத்தகத்துக்கும் குறைவில்லை, கேள்வி கேட்கவும் தடையில்லை. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு மேடத்திடம் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் பம்பைக் கழற்றி மாட்டுவதிலும் ரப்பர் வளையங்களுக்குக் கிரீஸ் தடவுவதிலும் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கேன் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அளவுக்கு ஒரு எஃகுத் தொட்டி. உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, துளியளவு ஆர்கான் வாயுவை விட்டு, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே ஊதா நிறத்தில் ஒளி எழும். அதுதான் பிளாஸ்மா. அணுக்களிலிருந்து பிய்ந்து வந்த எலக்ட்ரான்கள் அதற்குள் திரிகின்றன. அவை எவ்வளவு ஆற்றலோடு திரிகின்றன என்று அளக்க வேண்டும். அதற்கான கருவி, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த டங்ஸ்டன் கம்பி. பீங்கான் குழாய்க்குள்ளிருந்து அதன் நுனி மட்டும் ஒரு அரிசி நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் புரோப் என்போம்.

கம்பியில் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அது எலக்ட்ரான்களை விரட்டும். மிக வேகமாக வருபவை மட்டுமே விரட்டலை மீறி வந்து முட்டும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற ஏற்ற, மெதுவாக வருபவையும் சேர்ந்துகொள்ளும், மின்னோட்டம் கூடும். ஒவ்வொரு படியிலும் குறித்துக்கொண்டு வரைபடம் போட்டால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதில் எலக்ட்ரான்களின் ஆற்றல் இருக்கிறது. செங்குத்தாக ஏறினால் ஆற்றல் குறைவு, சாய்ந்து ஏறினால் ஆற்றல் அதிகம். இவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் இதை யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் கை பரபரக்கும்.

மேடத்தின் முறை ஒன்று உண்டு. கம்பியின் நுனியில் அழுக்கு படிந்தால் கோடு சாய்ந்துவிடும், இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் நுனியைச் சிவக்க வைக்க வேண்டும். நேர் மின்னழுத்தத்தைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் வந்து மொத்தமாய் மோதி, நுனி அடுப்புக் கங்குபோல் சிவந்து, அழுக்கு எரிந்துபோகும். எவ்வளவு நேரம்? மேடம் கடிகாரம் பார்ப்பதில்லை. உதடு மட்டும் அசைய மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பார், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியைத் திருப்புவார். பிறகு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே ஒரு கோடு, இறக்கிக்கொண்டே இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படியவில்லை என்றால் அன்றைக்கு எடுத்த எதுவும் செல்லாது.

எனக்கு மூத்தவர் தவமணி அண்ணன். அவர் ஜெபத்துக்குப் பதிலாக "அழகரே, அழகரே" என்று அறுபது தடவை சொல்வார். ஒருநாள் மேடம் அதைக் கேட்டுவிட்டு, "தவமணி, உங்க அழகர் எங்க மாதாவவிட அஞ்சு செகண்டு வேகமா ஓடுறாரு. எழுபதாச் சொல்லுங்க" என்றார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

மேடம் யாரையும் திட்ட மாட்டார். மாணவர்கள் எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "அப்படியா? இன்னொரு தரம் எடுங்க" என்பார். குறிப்பேட்டில் தப்பை அடிக்கும்போது ஒற்றைக் கோடாக, அடித்தது என்ன என்று வாசிக்க முடிகிற மாதிரி அடிக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. காலையில் எடுக்கும் முதல் கோட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொட்டிச் சுவர் இன்னும் குளிர்ந்திருக்கும், வாயு நிலைப்பட்டிருக்காது, அதை நம்ப வேண்டாம் என்பார். அந்த ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்து முதல் கோட்டைத் தூக்கிப் போடுவதுதான் நடைமுறை.

தவமணி அண்ணன் மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில்தான் வேலை. இப்போது சொந்தமாக முக்கால் ஏக்கர் இருந்தது. அந்தத் தெருவில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் அண்ணன். உதவித்தொகைக் காலம் முடிந்த பிறகும், ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பாதி நாள் வகுப்பெடுத்துக்கொண்டு, மீதி நாளில் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரை. அது வெளியானால், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நிரந்தர ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு உட்காரலாம். அந்த வயதில் அதைவிட்டால் இன்னொன்று வரும் என்று அவர் நம்பவில்லை.

மேடத்தின் முறைப்படி ஒரு கோடு எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். எனக்குப் பொறுக்கவில்லை. கணினியை இணைத்து ஒரு நிரல் எழுதினேன். காலையில் ஒருமுறை நுனியைச் சிவக்க வைக்கும், பிறகு ஏறுமுகமாக மட்டும் கோடுகளை எடுத்துக்கொண்டே போகும். இறங்குமுகக் கோடு எதற்கு? எப்போதும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தானே படிகிறது? நாளுக்கு முப்பது கோடு எடுத்த இடத்தில் இருநூறு எடுத்தோம். முதல் கோட்டை நிரலே 'வார்ம்அப்' என்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவிடும்.

"யே மாப்ள, நீ ஆளு இல்ல, எந்திரம்டா" என்றார் அண்ணன்.

மேடம் அந்த வருடம் துறைத் தலைவர். அங்கீகாரக் குழு வருகிறது என்று காகிதங்களுக்குள் மூழ்கிக் கிடந்தார். தாழ்வாரத்தில் பார்த்தால் கேட்பார்: "டேனியல், சிவக்க வைக்கிறீங்கள்ல?"

"வைக்கிறோம் மேடம்."

பொய் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை வைத்தோம்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மழையோடு கரண்ட் போனது. கரண்ட் போனால் செய்ய வேண்டியது ஒன்றுதான், பம்புக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் வால்வை அந்த நிமிடமே மூட வேண்டும். இல்லாவிட்டால் நின்றுபோன பம்பிலிருந்து எண்ணெயைத் தொட்டி உறிஞ்சிவிடும். நான் கேன்டீனில் இருந்தேன். ஓடி வந்து மூடுவதற்குள் குழாயின் வாயில் ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய் ஏறியிருந்தது. அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். குறிப்பேட்டில் 'மின்தடை, சரி' என்று இரண்டே வார்த்தை எழுதினேன். தொட்டியை முழுதாகப் பிரித்துக் கழுவி, மறுபடி வெற்றிடம் உண்டாக்க ஒரு வாரம் ஆகும். ஒரு விரல் எண்ணெய்க்காக ஒரு வாரமா என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் கோடுகளில் ஒரு புதிய சாய்வு தெரிந்தது. வழக்கமான எலக்ட்ரான்களோடு, அதிக ஆற்றல் கொண்ட இன்னொரு கூட்டமும் இருப்பதுபோல. அழுத்தத்தை மாற்றினாலும் வந்தது, மின்னோட்டத்தை மாற்றினாலும் வந்தது. அண்ணன் ஒரு வாரம் சாப்பாடு மறந்து கணக்குப் போட்டார். ஒரு விளக்கமும் கிடைத்தது, அழகான விளக்கம். மேடத்திடம் காட்டினோம். "அப்படியா? இன்னொரு தரம் எடுங்க" என்றார். எடுத்தோம். எட்டு மாதம் எடுத்தோம். ஆயிரக்கணக்கான கோடுகள். எல்லாவற்றிலும் இருந்தது. கட்டுரை வெளியானது. தவமணி அண்ணன் பெயர் முதலில், அடுத்து என் பெயர், கடைசியில் மேடம் பெயர். அண்ணனுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மேடம் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது கணினியில் இடம் நிறைந்துவிட்டது. வேண்டாதவற்றை அழிக்க உட்கார்ந்தேன். முதலில் கையில் பட்டது 'வார்ம்அப்'. அழிப்பதற்கு முன்னால், சும்மா, எட்டு மாதத்து முதல் கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன்.

அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. மழை நாள், வெயில் நாள், எல்லாம் ஒரே கோடு. நிலைப்படாத பிளாஸ்மாவில் எடுத்தவை என்றால் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். சிதறவில்லை. அவற்றில் ஒன்றில்கூட அந்த இரண்டாவது கூட்டம் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. நுனி சுத்தமாக இருந்தது காலையில் சிவக்க வைத்த உடனே எடுத்த அந்த ஒரு கோட்டுக்கு மட்டும்தான். அடுத்தடுத்த நிமிடங்களில், தொட்டிக்குள் இருந்த எண்ணெய் ஆவியாகி வந்து நுனியில் படிந்திருக்கிறது. அண்ணன் கண்டுபிடித்த வேகமான எலக்ட்ரான்கள் என் எண்ணெய். எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு உண்மையை அளந்து, அதை நாங்களே தூக்கிப் போட்டிருக்கிறோம்.

சாயங்காலம் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த அண்ணனிடம் திரையைக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார். பிறகு மெதுவாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எம்புட்டு நாளா?"

"அந்த மழையில கரண்ட் போச்சுல்ல, அதுல இருந்துண்ணே. எண்ணெ ஏறிருச்சு. நான் தொடச்சேன். உங்ககிட்டச் சொல்லல."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய், நுனியைச் சிவக்க வைத்து, எழுபது அழகரையும் சத்தமில்லாமல் சொல்லிவிட்டு, கையாலேயே ஏற்றி ஒரு கோடு எடுத்தார். கூட்டம் இல்லை. கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, சிவக்க வைக்காமல் ஒன்று எடுத்தார். இருந்தது. ஏறுமுகமும் இறங்குமுகமும் ஒன்றோடொன்று சேரவில்லை, நடுவில் ஒரு இலை நுழைகிற அளவுக்கு இடைவெளி. மறுபடி சிவக்க வைத்து எடுத்தார். இல்லை. ஐந்து தடவை இப்படியே செய்தார். கடைசியில் கைப்பிடியை விட்டார்.

"ஊர்ல அம்மா எல்லார்ட்டயும் சொல்லிருச்சுடா. எம்மவன் காலேசு வாத்தியாராகப் போறான்னு." பிறகு, "இருபது நாளு. அம்புட்டுத்தான் கேக்குறேன். இன்டர்வியூ முடியட்டும். அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு பேரும் சேந்து மேடத்துட்டச் சொல்லிருவோம். பேப்பரத் திருப்பி வாங்கிருவோம். நான் ஓடிற மாட்டேன் மாப்ள."

"சரிண்ணே" என்றேன்.

"சரிதானே?"

"சரிண்ணே. இருபது நாள்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் மேடத்தின் அறையில் இருந்தேன்.

மனசாட்சி உறுத்தியது என்று எழுத ஆசை. உறுத்தியதுதான், ஆனால் என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது அது இல்லை. நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். எட்டு மாதமாக யார் கண்ணுக்கும் படாததை ஒரே மதியத்தில் பிடித்திருந்தேன். அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரைபடத்தை மேஜையில் விரித்து, எண்ணெய், ஆவி, நுனி, முதல் கோடு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மழை நாளில் நான் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். இந்த முறை இன்னொரு தரம் எடுக்கச் சொல்லவில்லை.

"சரியாப் பிடிச்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன். பிறகு கேட்டார், "தவமணிக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"எப்ப இருந்து?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து."

"அவரு ஏன் வரல?"

"இன்டர்வியூ முடியட்டும்னு சொன்னாரு."

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. நானும் சரி என்றேன் என்பதைச் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

மேடம் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்தார். மேலே, அண்ணனைத் தேர்வுக்கு அழைத்திருந்த கல்லூரியின் முகவரி எழுதியிருந்தது. இரண்டாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போடாமல், திரும்ப இழுப்பறைக்குள்ளேயே வைத்தார். "தப்பு யாருக்கும் வரும் டேனியல். தெரிஞ்ச பெறகு மறைக்கிறவர எப்படிப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க அனுப்புறது?" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கே இதழுக்கு மின்னஞ்சல் போனது, கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது என்று. அண்ணனை மேடம் அழைத்துப் பேசினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். என்னைக் கடந்துதான் போனார். "வாரேன்டா" என்று மட்டும் சொன்னார், தினமும் சொல்வதுபோல. மறுநாளிலிருந்து வரவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போனார் என்றும், திரும்பப் பெற்ற கட்டுரையைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடும் அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது, அதைப் புதிதாகத் தொடங்க அவருக்குக் காலம் இல்லை.

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. தலைப்பு: அழுக்கு படிந்த புரோப்கள் எலக்ட்ரான் ஆற்றலை எப்படித் தவறாகக் காட்டுகின்றன. அந்த எட்டு மாதத்துக் கோடுகள்தான் அதன் முதல் இரண்டு அத்தியாயங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் எனக்கு மாலை போட்டார்கள், கை தட்டினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் போய்விட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் சம்பளம் என்று சொன்னேன்.

சுகன்யாவிடம் சரி என்று சொன்ன பிறகு, இதையெல்லாம் எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்கக் கப்பலூருக்குப் போனேன். தொழிற்பேட்டையில், கியர் சக்கரங்களைப் பிளாஸ்மாவுக்குள் வைத்து மேற்பரப்பைக் கடினமாக்கும் ஒரு பட்டறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறார். தலை பாதி நரைத்துவிட்டது. வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அம்மா போன வருடம் தவறிவிட்டதாகச் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"உள்ள அளக்குறீங்களாண்ணே?" என்று கேட்டேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"எதுக்குடா? கியரு கெட்டியாச்சான்னு பாப்பாங்கெ. எலக்ட்ரான எவன் கேக்குறான்?"

அந்தக் காலையைப் பற்றிச் சொன்னேன். நானும் ஒப்புக்கொண்டதை மேடத்திடம் மறைத்ததைச் சொன்னேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"தெரியும்" என்றார். "நீ தானா வந்து சொன்னதாவும், நான் ஒளிச்சதாவும் அவுங்க பேசுனாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏண்ணே நீங்க சொல்லல? அவனும் சரின்னுதான் சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"சொன்னா? உன்னைய மாட்டிவிடுறேன்னு நெனச்சிருப்பாங்க. நீ வாத்தியாரு வீட்டுப் புள்ள, தானா வந்து தப்ப ஒத்துக்கிட்டவன். நான் மாட்டிக்கிட்டவன். யாரு சொல்ல நம்புவாங்க?" பிறகு, "அவுங்களக் குத்தஞ்சொல்லல. அவுங்க எடத்துல இருந்திருந்தா எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் தோணிருக்கும்" என்றார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுனா எனக்கு வேலயா வரப்போகுது?" என்றார். பட்டறைச் சங்கு ஊதியது. எழுந்துவிட்டார். எழுதாதே என்று சொல்லவில்லை.

மலரில் இதைப் போடுவார்களா என்று தெரியவில்லை. சுகன்யா சிரிப்பாக எழுதச் சொன்னாள். போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு பிரதி மேடத்துக்குத் தபாலில் போகிறது.

மேடம், தவமணி அண்ணன் இருபது நாள் கேட்டார், அதன் பிறகு தானே வந்து சொல்வதாகச் சொன்னார். நான் சரி என்றேன், இரண்டு தடவை. மறைக்க ஒப்புக்கொண்டவர்கள் இரண்டு பேர். நீங்கள் கிழித்தது ஒருவருடைய கடிதத்தை மட்டும்.